ஆக்சிஜன் சென்சார்: மேனிஃபோல்டிலா, குழாய்கள் சேரும் இடத்திலா?

பழைய வேகக் கார்களில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை, இன்ஜினை ஒட்டிப் புகையை வாங்கும் மேனிஃபோல்டிலேயே பொருத்தினால் அது விரைவில் சூடேறும். சிர்கோனியா (ஒருவகைப் பீங்கான்) சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் நம்பத்தக்க மின்னழுத்தம் தரும். ஹீட்டர் இல்லாத ஒற்றைக் கம்பி சென்சாருக்கு இந்த இடமே சரி. ஆனால் ஒரே சிலிண்டரின் குழாயில் அது இருந்தால், மற்ற சிலிண்டர்களின் காற்று-பெட்ரோல் கலவை தெரியாது.

குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் எல்லாச் சிலிண்டர்களின் புகையும் கலந்து வருகிறது. என் தேர்வு இதுதான், ஹீட்டர் உள்ள சென்சாரோடு மட்டும். நீண்ட ஹெடர் (சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனியே வரும் புகைக்குழாய்) குழாய்களின் கடைசியில் ஹீட்டர் இல்லாத பழைய சென்சார், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது குளிர்ந்துவிடும், கலவையை 14.7:1 (காற்று:பெட்ரோல்) விகிதத்தில் நிறுத்தும் திருத்தத்தை இன்ஜின் கணினி கைவிட்டுவிடும். எங்கே பொருத்தினாலும், சென்சாருக்கு முன்னால் கசிவு இருக்கவே கூடாது. அதன் வழியே புகும் காற்றைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று கணினி வீணாகக் கூட்டிக்கொண்டே போகும்.