டன்டீயில் குடும்ப வரலாற்றுப் பேச்சுகள்: இரண்டு குளிர்காலம் போய்வந்த பிறகு

என் மாமியார் ஸ்காட்லாந்தில் டன்டீக்காரர், நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கும் பழகிவிட்டது. தன் கொள்ளுப்பாட்டியின் குடும்பம் அயர்லாந்தில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அத்தை பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் எங்கள் பகுதிக் குடும்ப வரலாற்றுச் சங்கம் மாதம் ஒரு முறை நடத்தும் பேச்சுகளுக்கு அவருக்குத் துணையாகப் போக ஆரம்பித்தேன். இப்போது அத்தைக்கு முடியாத நாளில் நான் தனியாகவும் போகிறேன்.

பேச்சு நடப்பது ஒரு சர்ச் ஹாலில், செவ்வாய்க்கிழமை இரவு 7 மணிக்கு. செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். உறுப்பினர் இல்லாதவர்களுக்கு 3 பவுண்டு. தேநீரும் ஷார்ட்பிரெட்டும் அதற்குள்ளேயே அடக்கம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பின்பக்கம் ஒரு நீள மேசையில் பழைய ஊர் வரைபடங்களும் கல்லறை வாசகங்களைத் தொகுத்த சிறு புத்தகங்களும் இருக்கும். என்னைக் கேட்டால், பேச்சுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அந்த மேசைக்கும் உண்டு. தேநீர் நேரத்தில் அதைச் சுற்றி நிற்பவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டால் போதும், நான்கு பேர் உட்கார்ந்து உதவுவார்கள்.

நாங்கள் முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். தன் அம்மா வாய்வழியாகச் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு, அத்தை பிறப்பு, கல்யாணம், இறப்பு பற்றிய அரசுப் பதிவுகள் இருக்கும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் நேராகக் கொள்ளுப்பாட்டியின் பிறப்பைத் தேடினார். டன்டீயில் அந்தக் காலத்தில் மேரி என்ற பெயருக்குப் பஞ்சமா? ஒரு பதிவின் படத்துக்கு ஒன்றரை பவுண்டு. இருபது மேரிகளை வாங்கிவிட்டோம். ஒருத்தி கூட எங்களுடையவள் இல்லை.

முதல் குளிர்காலத்தின் இரண்டாவது பேச்சு, பதிவுகளை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியது. பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. முதல் வருடத்துப் படிவத்தில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர் வரை கேட்டிருக்கிறார்கள். எழுதி மாளாது என்று அடுத்த வருடமே பல கட்டங்களைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோருக்குக் கல்யாணம் நடந்த நாளும் இடமும் மட்டும் 1861-இலிருந்து பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தன. இதைச் சொல்லிவிட்டு அவர் சாக்பீஸால் பலகையில் ஒரு ஏணி வரைந்தார். உங்கள் வீட்டில் இருக்கும் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள், ஒரு படியைக்கூடத் தாண்டாதீர்கள் என்றார். பிறப்புப் பதிவு பெற்றோரின் கல்யாணத்தைக் காட்டும். கல்யாணப் பதிவு இரு பக்கத்துத் தாய் தகப்பனையும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு காட்டும். அங்கிருந்து அடுத்த பிறப்புக்குப் போகலாம்.

அத்தையின் அம்மாவுடைய சான்றிதழ் பீரோவிலேயே இருந்தது. அன்றிரவே தொடங்கினோம். பாட்டியின் கல்யாணம், 1893-இல் பாட்டியின் பிறப்பு, அப்புறம் கொள்ளுப்பாட்டியின் கல்யாணம். அதில்தான் விஷயம் வெளிப்பட்டது. நாங்கள் தேடிய குடும்பப் பெயரின் எழுத்தே வேறு. அயர்லாந்துப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'ஓ' போயிருந்தது, நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். அந்த எழுத்தில் தேடியதும் 1869-இல் டன்டீயின் லாக்கிப் பகுதியில் பிறந்த மேரி வந்துவிட்டாள். பெற்றோரின் கல்யாணம் நடந்த இடம்: மொனஹன், அயர்லாந்து. மொத்தம் நான்கு படம், 6 பவுண்டு. மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பார்த்திருந்தால் 'அயர்லாந்து' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றிருப்போம், ஏனென்றால் அங்கே பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் எழுதவில்லை.

அந்தப் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்தியவை இரண்டு. ஒன்று, பிறந்த நேரம்: அதிகாலை 4 மணி. ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் எல்லாக் குழந்தைக்கும் மணி எழுதுவார்கள். எங்கள் ஆச்சி ஜாதக நோட்டில் நாழிகை எழுதி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. இன்னொன்று, தகவல் சொன்ன தாயின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கைநாட்டுதான். அத்தை அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஆகப் பிடித்தது சணல் ஆலைகளைப் பற்றிய பேச்சு. நம் ஊரில் அரிசி வரும் கோணிச் சாக்கின் சணல் வங்காளத்திலிருந்து கப்பலில் இங்கே வந்தது. திமிங்கில எண்ணெயில் நனைத்து அதை மென்மையாக்கினார்கள். லாக்கியில் காக்ஸ் குடும்பத்தின் கேம்பர்டவுன் ஆலைப் புகைபோக்கி, 282 அடி, இன்றும் நிற்கிறது. ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலையில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட கணவர்களுக்குக் கெட்டில் கொதிக்கவைப்பவர்கள் என்று பெயர். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் பெண்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்தே பேசிக்கொண்டதை, மேடையில் இருந்த பெரியவர் தன் பாட்டி செய்ததுபோல் செய்து காட்டினார். மேரியின் கல்யாணப் பதிவிலும் நூற்பு வேலை என்றுதான் இருக்கிறது.

பேர் வைக்கும் பழைய வழக்கத்தையும் ஒரு பேச்சில் கேட்டேன். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பாட்டன் பெயரைத் தாங்குகிறவனைத்தான் நாம் பெயரன், பேரன் என்கிறோம் என்று தேநீர் நேரத்தில் நான் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

குறைகளும் உண்டு. ஹால் குளிரும், கோட்டைக் கழற்ற முடியாது. மைக் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்தால் டன்டீப் பேச்சு வேகத்தில் பாதி புரியாது. திரையில் காட்டும் பழைய கையெழுத்து பொடியாக இருக்கும், அதனால் முன்வரிசைக்குச் சீக்கிரம் போங்கள். டிஎன்ஏ பரிசோதனை பற்றிய பேச்சு ஒரு மணி நேரத்தில் அடங்காத விஷயம், அவசரமாக முடித்துவிட்டார்கள். வாசலில் இரண்டு படி இருக்கிறது, சக்கர நாற்காலிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் வேறோர் ஊரில் ஒரு ஓட்டலில் 60 பவுண்டு கொடுத்து நாங்கள் போன 'பாரம்பரிய நாள்' இதன் பக்கத்தில் கூட வராது. நாள் முழுக்க டார்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியும், உங்கள் குடும்பச் சின்னம் இதுதான் என்று விற்பனையும்தான். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்தச் சின்னம் ஒரு தனி ஆளுக்கு உரியது, ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் பொது அல்ல. இதை எங்கள் சர்ச் ஹாலில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் கூட்டம் ஹாலில் இல்லை, ஹவுஃப் இடுகாட்டில். 1564-இல் ஸ்காட்லாந்து ராணி மேரி ஊருக்குக் கொடுத்த நிலம். ஊரின் ஒன்பது கைவினைஞர் சங்கங்களும் கூடிப் பேசிய இடமும் அதுதான். கற்களில் மண்டையோடும் அந்தந்தத் தொழிலின் கருவிகளும் செதுக்கியிருக்கும். மனைவியின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். குடை கொண்டு போங்கள்.

வரும் செவ்வாய் ஏழைகள் நிவாரணப் பதிவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். 1845 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு உதவி கேட்டு வந்தவர்களின் குடும்பக் கதையையே அதில் எழுதி வைத்திருக்கிறார்களாம். மேரியின் அப்பா 1880-க்குப் பிறகு எங்கள் கண்ணில் படவில்லை. அத்தை நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார், முன்வரிசையில் எங்களுக்கு இடம் பிடிக்க 6.30-க்கே கிளம்ப வேண்டும்.