ஓசிஐ அட்டையோடு பொள்ளாச்சியில் லைசென்ஸ்: இந்த டிரைவிங் ஸ்கூலைப் பற்றி

அண்ணன் மகளுக்கு கார் லைசென்ஸ் எடுக்க இந்த ஸ்கூலில் சேர்த்துவிட்டோம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது நம் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாப்பா அமெரிக்காவில் பிறந்தவள், அந்த நாட்டுக் குடியுரிமை, கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்திய அரசு தருவது). இங்கே எங்களோடு தங்கி காலேஜ் போகிறாள். முதலில் வேறு ஒரு இடத்தில் விசாரித்தபோது, "இந்தியன் சிட்டிசனா இருந்தாத்தானுங்க தருவாங்க, வேணும்னா தனியா கொஞ்சம் செலவு பண்ணிப் பார்க்கலாம்" என்றார்கள். தராத ஒன்றுக்கு எதற்குத் தனிச் செலவு என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. இந்த மாதிரிப் பேச்சை நம்பி எத்தனை பேர் பணத்தைக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இந்த ஸ்கூலில் அப்படி இல்லை. ஆபீசில் இருந்த அக்கா முதலில் கேட்டது மூன்றுதான்: வயது 18 ஆகிவிட்டதா, இந்த ஊர் முகவரிக்கு ஆதாரம் இருக்கிறதா, எவ்வளவு நாளாக இந்தியாவில் இருக்கிறாள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 9ஆம் பிரிவில் தகுதி நீக்கம் செய்யப்படாத எந்த நபரும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் இருக்கிறது, குடிமக்கள் மட்டும் என்று இல்லை. ஓசிஐக்காரர்கள் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, தோப்பு வாங்க முடியாது, அதெல்லாம் உண்மை. லைசென்ஸ் அந்தக் கணக்கில் வராது.

முகவரிக்கு ஆதார்தான் கைகொடுத்தது. கடந்த 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருந்தால் ஓசிஐ உள்ளவர்களும் ஆதார் எடுக்கலாம். சாதாரண விசாவில் 180 நாளுக்கு மேல் தங்க வருகிறவர்கள் என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு முடித்து அந்தத் தாளையும் கையில் வைத்திருப்பது நல்லது. ஓசிஐக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

அந்த அக்கா பாஸ்போர்ட், ஓசிஐ, ஆதார் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, பெயருக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் அண்ணன் பெயர் குடும்பப் பெயராக முழுசாகப் பின்னால் வருகிறது, ஆதாரில் வெறும் இனிஷியலாக முன்னால் இருக்கிறது. "இதோட ஏத்தினா திருப்பி அனுப்பிடுவாங்க, ஆதாரைத் திருத்திட்டு வாங்க" என்று அன்றைக்குப் பணம் கூட வாங்காமல் அனுப்பினார். எனக்கு இந்த ஸ்கூல் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

அண்ணன் அமெரிக்காவில் எச்1பி எனும் தற்காலிக வேலை விசாவில் இருந்த காலத்தில் பட்டதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி தங்கியிருக்கிறோம் என்பதைக் காட்டினால்தான் லைசென்ஸ். 2005இல் வந்த ரியல் ஐடி சட்டப்படி, தற்காலிக விசாக்காரருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் தரும் லைசென்ஸ் தங்க அனுமதி உள்ள தேதி வரைக்கும்தான் செல்லும், முடிவுத் தேதி இல்லை என்றால் ஒரு வருஷம். தங்க அனுமதி உண்மைதானா என்று சேவ் என்ற அரசுக் கணினி முறையில் வேறு சரிபார்ப்பார்கள். விசா நீட்டிப்பு வரத் தாமதமானால் லைசென்ஸும் தொங்கும், கார் இல்லாமல் கடைக்குக் கூடப் போக முடியாத ஊரில் அது என்ன பாடு என்று அண்ணியைக் கேட்டால் தெரியும். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் விதிவிலக்கு, அங்கே 2015லிருந்து அந்த ஆதாரம் காட்ட முடியாதவர்களுக்கும் தனி வகை லைசென்ஸ் உண்டு.

சரி, வகுப்புக்கு வருவோம். கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த ஸ்கூல் மாஸ்டர் நல்ல பொறுமை. பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலது பக்கம் போகும் சாலையைப் பார்த்தே பழக்கம், திருப்பத்தில் கண் தானாகத் தப்பான பக்கம் போகும். அவர் ஒருநாளும் சத்தம் போடவில்லை. "அம்மிணி, மொதல்ல வலது பக்கம் பாரு, அப்புறம் கிளட்ச்சை விடு" என்று ஒவ்வொரு முக்கிலும் அதே குரலில் சொல்லுவார். தேங்காய் லோடு லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும், கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதெல்லாம் கூடச் சொல்லிக் கொடுத்தார். நம் ஊர் ரோட்டுக்கு இது ரொம்ப அவசியம்.

குறையும் உண்டு. கார் பழசு, ஏசி பேருக்குத்தான். சாயந்திர நேரத்து வகுப்பு கிடைப்பது கஷ்டம், கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவார்கள். கட்டணத்தில் அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, ஸ்கூலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி ரசீது தரலாம், நாங்கள் கேட்டபிறகுதான் தந்தார்கள்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். சேர்கிறவர்கள் எல்எல்ஆரை (ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ்) சீக்கிரமே போட்டுவிடுங்கள், அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், 6 மாதம் வரை செல்லும். காலை 6 மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போதுதான் கூட்டம் இருக்காது.