மலேசியாவுக்கு ‘விசா’ எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

நம் குமரி மாவட்டத்தில் மலேசியாவில் சொந்தம் இருக்கிற எல்லோரும் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ போகிற இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1-லிருந்து மலேசியாவுக்கு விசா தேவையில்லை, முப்பது நாள் வரை தங்கலாம், இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியும் இருக்கிறார்கள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டே மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ‘விசா’ எடுத்துக் கொடுத்தார். தலைக்கு 6,500 ரூபாய்.

அக்கா மலேசியாவில் கிள்ளானில் வீடு வாங்கியிருக்கிறாள். பால்காய்ச்சுக்கு அப்பா, அம்மா, நான், என் மனைவி நாலு பேரும் போவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் அந்த ஆளிடம்தான் போட்டோம், எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் யோசிக்காண்டாம் மக்கா, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அப்புறம் அப்பாவின் பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்து வைத்து, இதில் ஈசிஆர் (வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்கிற முத்திரை) என்று இருக்கிறது, கிளியரன்ஸ் வாங்காமல் ஏர்போர்ட்டில் விடமாட்டான், அதற்கு 4,500 ஆகும் என்றார். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவர், அதனால்தான் ஈசிஆர். ஆனால் அந்தக் கிளியரன்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். பத்தாவது படிக்காதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா என்று மொத்தம் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஏமாந்துவிடக்கூடாது என்று அரசாங்கம் வைத்த பாதுகாப்பு அது. விருந்தாளியாகப் போய்த் திரும்புகிறவருக்கு அது வேண்டாம். அதோடு ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு, அப்பாவுக்கு இப்போது 57. ஏமாற்றைத் தடுக்க வைத்த முத்திரையைக் காட்டியே ஒரு மனுஷன் காசு பிடுங்குகிறான் என்றால் என்ன சொல்வது!

இது போக ‘டிஜிட்டல் கார்டு’ (ஆன்லைனில் நிரப்பும் வருகைப் படிவம்) என்று தலைக்கு 1,000. அந்த கார்டு உண்மையில் இருக்கிறது, மலேசியா போகிற எல்லோரும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், ஆனால் அதற்கு ஒரு பைசா கிடையாது, போனிலேயே பத்து நிமிஷத்தில் முடியும். ஆக மொத்தம் 34,500 ரூபாய், டிக்கெட் காசு இதில் சேராது.

காசாவது போகட்டும் என்று விட்டிருப்பேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸுமாகப் பெட்டியை எடை போட வைத்தபிறகு, அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்த கவுண்டர் பெண் “இவங்க போக முடியாதே” என்றார். போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், அம்மாவுடையதில் ஐந்து மாதமும் சொச்சமும்தான் பாக்கி. மலேசியாவுக்கு மட்டும் இல்லை, சிங்கப்பூர், துபாய் என்று நம் ஆட்கள் அதிகம் போகிற இடங்களிலும் இந்த ஆறு மாதக் கணக்கு உண்டு. டிராவல்ஸ் நடத்துகிறவன் முதலில் பார்க்க வேண்டியதே அந்தத் தேதியைத்தான். நான் பதறிப்போய் அந்த ‘விசா’ காகிதத்தை நீட்ட, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சார் இதை யார் கொடுத்தாங்க, மலேசியாவுக்குத்தான் இப்போ விசாவே வேண்டாமே என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அம்மா இல்லாமல் நான் வரமாட்டேன் என்று அப்பாவும் திரும்பிவிட்டார். நானும் மனைவியும் மட்டும் போனோம், கோலாலம்பூரில் குடிநுழைவு அதிகாரி அந்தக் காகிதத்தைக் கையில் கூட வாங்கவில்லை.

ஊருக்கு வந்து கடையில் போய்க் கேட்டால், “அது சர்வீஸ் சார்ஜ் மக்கா. பாஸ்போர்ட்டு காலாவதி ஆவல்லியே, அவன் விடாததுக்கு நான் என்ன செய்ய?” அதோடு நிற்கவில்லை, அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க 8,000 கொடுத்தால் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார், அந்தத் தைரியத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500, தட்கல் என்றால் இன்னொரு 2,000. நாகர்கோவிலிலேயே தபால் நிலையத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிக்கலாம். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும், கூகுளில் தேடும்போது அதே மாதிரி போலித் தளங்களும் வரும், அதில் காசு கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. நாங்கள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதே கருங்கல் பக்கத்துப் பையன் ஒருவனிடம், நீ விசிட்டில் போ, அங்கே போய் வேலையில் ஏறிக்கொள்ளலாம் என்று ஒன்றரை லட்சம் பேசிக்கொண்டிருந்தார். விசிட்டில் போனவன் வேலை செய்தால் அங்கே அது குற்றம், பிடித்தால் ஜெயிலில் வைத்துத்தான் அனுப்புவார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு ஆளிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அவர்களுடைய லைசென்ஸ் விவரம் இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் இருக்கும். அந்தப் பையன் யாரென்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

பில் கேட்டதற்கு நோட்டுப் பேப்பரில்தான் எழுதித் தந்தார், பணம் கூகுள் பேயில் அவருடைய மச்சான் நம்பருக்குப் போயிருக்கிறது. இரண்டையும், அந்தப் போலி விசாவையும் வைத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தாலும் புகாரைப் பதிந்துகொள்வார்கள். இதே மாதிரி மலேசியா ‘விசா’வுக்குக் காசு கொடுத்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.