டிராம்சோவா, அபிஸ்கோவா?

இரவு வானில் அலையும் துருவ ஒளியை (அரோரா) பார்க்க நார்வேயின் டிராம்சோவா, ஸ்வீடனின் அபிஸ்கோவா என்று நானும் மனைவியும் ஒரு மாதம் பேசினோம். கடைசியில் போன மார்ச்சில் அபிஸ்கோவில் நான்கு இரவு தங்கினோம். அப்புறம் நார்வேயின் நார்விக் ஊர் வரை ரயில், அங்கிருந்து பஸ் பிடித்து டிராம்சோவில் இரண்டு இரவு.

இரண்டு ஊர்களுமே ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கின்றன. சாப்பாடு, கடை, விமான வசதி என்று பார்த்தால் டிராம்சோதான், அதில் பேச்சே இல்லை.

ஆனால் ஒளி தோன்றுவது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில். மேகம் அதற்கு வெகு கீழே. மேகம் மூடிவிட்டால் மேலே எவ்வளவு பெரிய ஆட்டம் நடந்தாலும் கண்ணுக்கு எட்டாது. டிராம்சோ கடலோரத் தீவில் இருப்பதால் ஈரக்காற்று நேராக அதன் மேல் வந்து விழுகிறது. அதே காற்று நார்வே மலைகளில் ஏறி, ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் அபிஸ்கோ பக்கம் வருகிறது. பள்ளியில் படித்த மழை மறைவுப் பகுதியேதான். டிராம்சோவில் ஆண்டுக்குப் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இங்கே.

இரண்டாம் இரவு அதைக் கண்ணால் பார்த்தேன். கிழக்கும் மேற்கும் மூடிக் கிடக்க, டோர்னேட்ரெஸ்க் ஏரிக்கு மேலே மட்டும் பாய் விரித்த அகலத்துக்கு வானம் திறந்திருந்தது. முதலில் சாம்பல் நிறக் கீற்று ஒன்று. மேகம் என்றே நினைத்தேன். படம் எடுத்துப் பார்த்தால் பச்சை! கேமராவில் துளை எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பத்து விநாடி. ஒளி வேகமாக அலையத் தொடங்கியதும் மூன்று விநாடிக்குக் குறைத்தேன், இல்லையென்றால் ஒளித் திரையின் மடிப்பெல்லாம் படத்தில் குழைந்துவிடும்.

அபிஸ்கோவில் தங்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தாலே கும்மிருட்டு. டிராம்சோவில் ஊர் வெளிச்சத்தைத் தாண்ட வேன் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு இரவும் செலவு.

நான்கில் மூன்று இரவு அபிஸ்கோவில் பார்த்தோம், டிராம்சோவில் இரண்டுமே மேகம். ஆறு இரவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, சரி. மார்ச் தவிர வேறு மாதத்தில் நான் போனதுமில்லை. டிராம்சோ வேன்காரர்கள் வானம் தெளிந்த இடம் தேடி ஃபின்லாந்து எல்லை வரைகூடப் போவார்கள். கார் இல்லாமல் அபிஸ்கோ போனால், மூடிய இரவில் ஜன்னலோரம் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் நான்காம் இரவு அப்படித்தான் போனது.