தீயணைப்பு உடை: நிலையத்திலேயே துவைப்பதா, வெளியே கொடுப்பதா?

புகை குடித்த தீயணைப்பு உடையை வீட்டு வாஷிங் மெஷினில் போடுவது என்ற பேச்சே வேண்டாம். அந்தக் கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன, குழந்தையின் சட்டையிலும் ஒட்டும். மிச்சம் இருப்பது இரண்டு வழி.

செலவு
நிலையத்தில்: இயந்திரத்துக்கு முதலில் பெரிய தொகை; அப்புறம் தண்ணீர், மின்சாரம், சோப்பு, பராமரிப்பு.
வெளியே: முதலீடு இல்லை, ஒவ்வொரு முறையும் கட்டணம்.

நேரம்
நிலையத்தில்: தீயிலிருந்து திரும்பியதுமே துவைக்கலாம்.
வெளியே: உடை திரும்பும்வரை மாற்று செட் வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான் என்றால் இதை யோசிக்கவே முடியாது.

தரம்
நிலையத்தில்: எல்லாம் துவைப்பவர் கையில். வெளி அடுக்கையும் உள் அடுக்கையும் பிரிக்க வேண்டும், கொக்கிகளை மாட்டி ஒட்டுப்பட்டைகளை மூட வேண்டும், தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. குளோரின் ப்ளீச், உடையை நெய்திருக்கும் தீ தாங்கும் அராமிட் இழையின் பலத்தைக் கெடுக்கும். வெயிலும் அப்படித்தான், நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். அவசரத்தில் கொடியில் வெயிலில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல்.
வெளியே: நல்ல இடமென்றால் துவைப்பதோடு பரிசோதனையும் உண்டு. நீர்த்தடுப்புப் படலம் கசிகிறதா, தையல்மேல் ஒட்டிய நாடா உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது வெறும் கண்ணுக்குச் சுலபத்தில் பிடிபடாது.

அடிக்கடி தீ அழைப்பு வரும் பெரிய நிலையம் சொந்த இயந்திரம் வாங்கலாம், பயிற்சி பெற்ற ஒருவரை அதற்கென்றே வைத்தால். சின்ன நிலையம் வெளியே கொடுக்கட்டும், மாற்று உடையை முதலில் வாங்கிவிட்டு. படலச் சோதனைக்கு மட்டும் இருவருமே வெளியே அனுப்புவது நல்லது.