உணவுக்குழாய் இறுக்கிப் பிடிச்சு நெஞ்சு வலிக்கிறவங்களுக்கு இந்த ப்ளாஸ்க் சரியா வருமா?

350 எம்எல் எவர்சில்வர் ப்ளாஸ்க், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பாத்திரக் கடையில வாங்குனது, 60 வெள்ளிக்கிட்ட (ரிங்கிட்) வந்துச்சு. பிராண்ட விடுங்க, மூடி எப்படித் திறக்குதுன்னு மட்டும் பாருங்க.

எனக்கு உணவுக்குழாய் ஸ்பாசம். குழாய் சாப்பாட்ட மேலருந்து கீழ வரிசையாத் தள்ளணும், ஆனா எங்களுக்குக் கீழ்ப்பகுதி முந்திக்கிட்டு இறுக்கிப் பிடிச்சிக்கும், நடு நெஞ்சுல ஆரம்பிச்சு முதுகு, தாடை வரைக்கும் வலி போகும். அசல் மாரடைப்பு மாதிரியேதான் இருக்கும், அதனால மொதல்ல ஈசிஜி எடுத்து இருதயத்த பாத்துட்டு, அப்புறம் எண்டோஸ்கோபி, அப்புறம் மூக்கு வழியா டியூப் விட்டு அழுத்தம் பாக்குற மேனோமெட்ரி, இவ்ளோவும் முடிஞ்சுதான் பேர் சொன்னாங்க. இன்னும் செக் பண்ணாதவங்க மொதல்ல டாக்டர பாருங்க. திடீர்னு பெரிய வலி, வேர்வை, மூச்சுத்திணறல்னா 999 அடிங்க, சுடுதண்ணி குடிச்சுப் பாப்போம்னு உக்காந்திராதீங்க.

தினசரி மாத்திரையா டில்டியாசெம் குடுத்தாங்க, அது தசையத் தளர்த்தும், ஆனா பிரஷரையும் இறக்கும், எனக்கு ஏற்கனவே லோ பிரஷர், எந்திரிச்சாலே தலை சுத்துச்சு, டாக்டர்கிட்ட பேசி நிப்பாட்டியாச்சு. இப்ப இந்த ப்ளாஸ்க்தான் துணை.

வலி ஆரம்பிக்குறப்பவே வெதுவெதுன்னு ரெண்டு மடக்கு போச்சுன்னா எனக்குப் பாதி தடவை இறுக்கம் விட்டுருது, எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். மாமாக் கடையில (இங்க உள்ள இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஆயர் சுவாம், அதான் வெதுவெதுப்பான தண்ணி, கேட்டா தர்றாங்க, அது சரி, ஆனா வலி கடையில உக்காந்திருக்கும்போதுதான் வருமா என்ன, ஃபெடரல் ஹைவே ஜாம்லதான் வரும். இதுல கட்டைவிரல்ல பட்டன அமுக்குனா மூடி திறந்துரும், இன்னொரு கை நெஞ்சப் பிடிச்சிட்டு இருக்குறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். எல்ஆர்டி ரயிலுக்குள்ள குடிக்கக் கூடாது, அதனால அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி பெஞ்சுல உக்காந்துதான் குடிக்கிறேன்.

குறை என்னன்னா, சூட்ட ரொம்ப நல்லாப் பிடிச்சு வச்சுக்குது! காலையில பசியாறிட்டு கொதிக்கக் கொதிக்க ஊத்துனா மத்தியானமும் நாக்கு வேகுது, நமக்கு ரொம்ப சூடும் ஆகாது, ரொம்ப ஜில்லும் ஆகாது, ரெண்டுமே இறுக்கத்தக் கெளப்பி விடும். அதனால பாதி சுடுதண்ணி பாதி பச்சத்தண்ணி கலந்து, கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்து, பிள்ளைக்குப் பால் கலக்குற மாதிரி ஊத்துறேன். ஆபீஸ்ல எல்லாரும் தே ஐஸ் (ஐஸ் போட்ட டீ) குடிக்கும்போது நான் மட்டும் இத உறிஞ்சிட்டு இருக்கேன், சிரிக்கட்டும் லா.

பெப்பர்மின்ட் எண்ணெய் தண்ணியில ஒரு சொட்டு விட்டுக் குடிச்சா சிலருக்குத் தசை தளருது, சின்ன அளவுல ஆராய்ச்சியும் நடந்திருக்கு. ஆனா நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு அது வயித்து வாசலையும் தளர்த்தி ஆசிட்ட மேல விட்டுரும், பாத்துக்குங்க. அப்படியே குடிக்கணும்னாலும் இந்த ப்ளாஸ்க்குல ஊத்தாதீங்க, மூடிக்குள்ள இருக்குற சிலிகான் வளையத்துல வாசம் ஏறிடும், எத்தனை தடவை கழுவுனாலும் போகாது, அப்புறம் வெறும் தண்ணியும் மிட்டாய் மாதிரிதான் இருக்கும்.

500 எம்எல் வேணாம், ஹேண்ட்பேக் கனக்கும். அந்த வளையம் தனியாக் கெடைக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, எனக்கு வித்தவரு இல்லன்னுட்டாரு.