பெங்களூரு வார்டா, கிருஷ்ணகிரி வீடா?

மகளுக்கு வந்திருப்பது அனோரெக்ஸியா, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கிற மனநோய், என்று தெரியவே எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. முதலில் செவ்வாய், வெள்ளி விரதம். அப்புறம் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று தெருவே மெச்சியது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். மாதவிலக்கு நின்று, கையில் பூனைமயிர் அடர்ந்து, மே மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டோம். நடுவில் ஒரு கிளினிக்கில் பசி டானிக், ஒரு கோயிலில் மந்திரித்த கயிறு. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒருநாள் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தாள். பெங்களூருவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். வார்டா வீடா என்று ஒப்பிடத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் இந்தக் கட்டத்துக்கு வீடு ஒரு மாற்றே இல்லை. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். நாடித்துடிப்பு குறைந்தாலோ மயக்கம் வந்தாலோ இந்த ஒப்பீட்டை எல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள், வண்டியைக் கிளப்புங்கள்.

ஆபத்து தாண்டிய பத்தாம் நாள்தான் கேள்வி வந்தது. இன்னும் இரண்டு மாதம் வார்டிலேயே இருப்பதா, வீட்டுக்குக் கூட்டிப்போய் நாமே சாப்பிட வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டுவதா? நாங்கள் வீட்டை எடுத்தோம்.

செலவில் வீடுதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. (கட்டணம்தான் கவலை என்றால் மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் இருக்கிறது, ஓசூர் ரோட்டிலேயே.) தூரம் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, பஸ்தான். சில்க் போர்டு நெரிசலைச் சேர்த்தால் அரை நாள் போய்விடும். மொழி எங்களுக்குத் தொல்லை தரவில்லை.

இதெல்லாம் சில்லறை. முடிவு செய்தது ஒன்றே ஒன்று: தட்டுக்கு எதிரே உட்கார ஆள் இருக்கிறதா? நாளைக்கு ஆறு வேளை. வேளைக்கு முக்கால் மணி நேரம், அப்புறம் வாந்தி எடுத்துவிடாதபடி பாத்ரூம் போகவிடாமல் ஒரு மணி நேரம். ஒரு வாரம் இல்லை, மாதக்கணக்கில். வார்டில் அதை நர்ஸ் செய்வார். ஆனால் அங்கேயும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கவேண்டும் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்தாலும் அதே தட்டு, அதே சமையலறை. எப்படியும் நாம்தான் உட்காரவேண்டும் என்றால் அதை இன்றைக்கே பழகிக்கொள்ளலாமே என்று தோன்றியது.

டாக்டர் சொன்ன முறை லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980களில் உருவானது. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்யவேண்டும், பிள்ளை அல்ல. எடை ஏறியபின் மெல்ல மெல்லப் பொறுப்பை அவளிடம் திருப்பிக் கொடுப்பது இரண்டாம் கட்டம். சாப்பாட்டை விட்டு அவள் வயதுக்குரிய மற்ற விஷயங்களுக்குத் திரும்புவது மூன்றாவது.

ஏட்டில் நான்கு வரி. வீட்டில் அது ஒரு உருண்டை களி. முதல் வாரம் அந்த உருண்டையைப் பதினொரு துண்டாகக் கிள்ளி, கீரைக் கடைசலில் தொட்டுத் தொட்டு வைத்தாள், வாய்க்குப் போகவில்லை. "போதும்ப்பா" என்றாள். "இதுதான் மருந்து, கண்ணு. ஆறினாலும் இதேதான்" என்றேன். அதற்குமேல் சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது, அதட்டவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தாயம் விளையாடினோம். நைட்டி பாக்கெட்டில் பாதி இட்லி இருந்ததை அவள் ஆயாதான் (பாட்டி) கண்டுபிடித்தார். காலை நான், பதினொரு மணி ஆயா, மதியமும் இரவும் அவள் அம்மா என்று முறை போட்டோம். மாங்காய் சீசனில் மண்டியை அண்ணனிடம் விட்டுவிட்டு நான் வீட்டில் தாயம் உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

ராத்திரி முழுக்க சமையல் வீடியோ பார்ப்பாள், எங்களுக்கு வகைவகையாகச் சமைப்பாள், தான் தொடமாட்டாள். நடிப்பு என்று முதலில் கோபப்பட்டேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தபோது அவர்களும் சமையல் குறிப்பு சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று டாக்டர் சொன்னார். பாதி அவள் குணம் இல்லை, பட்டினியின் குணம். அதற்கப்புறம் எனக்குக் கோபம் குறைந்தது.

வார்டு ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே சொந்தக்காரர்கள் இல்லை. நாலாவது மாதம் ஒரு கல்யாணத்தில் அவள் பெரியம்மா கன்னத்தைத் தடவி, "இப்பதான் கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்றார். நம் ஊரில் இது பாராட்டு. அவள் காதில் "குண்டாயிட்டே" என்று விழுந்தது. மூன்று நாள் களியும் இல்லை, கஞ்சியும் இல்லை. உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை பேசவேண்டாம் என்று அப்புறம் வீடு வீடாகப் போன் போட்டோம்.

இரண்டு பேரும் கூலிக்குப் போகிற வீடு என்றால் என் கட்சியை எடுக்காதீர்கள், வார்டுதான் சரி. என் மகளுக்கு அப்போது பதினேழு. தனியாக வாழும் இருபத்தைந்து வயதுக்காரரிடம் இந்த அதிகாரம் செல்லுமா என்பதற்கு என் அனுபவம் போதாது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டு வாந்தி எடுக்கிற புலிமியாவுக்கு வழி வேறு. அதற்குப் பேச்சு சிகிச்சையோடு ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையும் கொடுப்பதுண்டு. எங்கே ஆரம்பிப்பது என்றே புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள்.

இப்போது கல்லூரி. மதியச் சாப்பாடு என் கண்ணில் படாது. பரீட்சை நேரத்தில் இன்னும் தட்டில் துண்டு பெருகும், அப்போது தாயக்கட்டையை எடுக்கிறோம். பெங்களூருவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து எடை பார்க்கிறார்கள், எண்ணை எனக்கு மட்டும் சொல்வார்கள். வீட்டு எடை மெஷினை அந்த முதல் வாரமே மண்டிக்குத் தூக்கிப்போனேன். மாங்காய்க்கு அது லாயக்கில்லை, சும்மா கிடக்கிறது.